ஏரிக்கரைக் கடற்காகம்: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று இலக்கணக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம். நுதலிய பொருள்: உள்ளூர் ஏரியில் வந்து இறங்கிய ஒற்றைக் கடற்காகத்தை, ஞாயிற்றுக்கிழமை விடியலில், வீட்டில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டிய மனிதர்கள் கரைமேல் வரிசையாக நின்று பார்ப்பது. எல்லை: வடக்கே பழவேற்காடு, தெற்கே கோடியக்கரை, கிழக்கே கடல், மேற்கே பெட்ரோல் விலை அனுமதிக்கும் தூரம். காலம்: ஐப்பசி முதல் பங்குனி வரை. கேட்போர்: மழை விட்டதும் பைனாகுலரை எடுத்து லென்ஸில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பவர்களும், அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும். பயன்: எவ்வளவு ஆராய்ந்தும் எதுவும் தென்படவில்லை.

எல்லையைப் பற்றி ஒரு விளக்கம். பழவேற்காடும் ஏரிதானே, அங்கே கடற்காகம் கூட்டங்கூட்டமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். பழவேற்காடு உப்பேரி. ஸ்ரீஹரிகோட்டா என்ற மணல்தீவு நடுவில் படுத்திருப்பதால்தான் அது கடலிலிருந்து பிரிந்து நிற்கிறது; இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. அங்கே கடற்காகம் பார்ப்பது பந்தியில் உட்கார்ந்து சோறு பார்ப்பதற்குச் சமம். இந்த நூல் பேசுவது மதகும் கலங்கலும் ஆகாயத்தாமரையும் ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள சாதாரண நன்னீர் ஏரியை.

திணைமயக்கம்

நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை என்று கருப்பொருள் ஒதுக்கி வைத்த மரபு நம்முடையது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். வயலுக்குத் தண்ணீர் விடும் ஏரியும் மருதமே. கடற்காகமோ நெய்தலின் பறவை. அது ஒரு மார்கழிக் காலையில் கடலைவிட்டு மேற்கே வந்து, மருத நிலத்து ஏரியின் நடுவே, முக்குளிப்பான்களுக்கும் நாமக்கோழிகளுக்கும் மத்தியில் உட்கார்ந்துகொண்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தச் சிக்கல் வரும் என்று தொல்காப்பியருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நிலத்துக்கு உரிய பூவும் பறவையும் தம் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடத்தில் காணப்பட்டால், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ளலாம் என்று அகத்திணையியலில் விதி செய்திருக்கிறார். வழிதவறிய பறவைக்கு இவ்வளவு பெருந்தன்மையான விசாவை எந்த அரசும் கொடுத்ததில்லை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002 இல் தொடங்கிய இ-பேர்டு தரவுத்தளமும் இதே விதிப்படிதான் நடக்கிறது. எந்த ஊர்ப் பறவை என்று அது கேட்பதில்லை. எங்கே பார்த்தாய் என்றுதான் கேட்கும். ஒரே வேறுபாடு, தொல்காப்பியர் போட்டோ கேட்கமாட்டார்.

கருப்பொருள் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்பது இலக்கணம். இந்த இடத்தில் மட்டும் நாம் பணிவோடு மாறுபடுகிறோம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதன் சிறுபொழுது வைகறை. கடற்காகம் ஏரிக்கு வரும்போது தன் நிலத்து இரங்கலையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பறவையைக் காணாதவர்கள் கரையில் நின்று இரங்குகிறார்கள். அதே நேரத்தில் வீட்டில் ஊடல் நடக்கிறது. வைகறையில் சொல்லாமல் கிளம்பி, வெயில் ஏறியபின் கால் நிறையச் சேற்றோடு திரும்பும் தலைவனை மருதத்துத் தலைவி வாயிலில் நிறுத்திக் கேள்வி கேட்பது சங்க காலத்து நடைமுறை. அன்று காரணம் பரத்தை, இன்று காரணம் பறவை. வாயில் மறுத்தல் அதேதான். தலைவியே தோளில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் வீடுகளில் ஊடுகிறவன் தலைவன். இட்லி ஆறிப்போவதில் மாற்றமில்லை.

தடையும் விடையும்

இவ்வளவையும் ஒரே அடியில் சாய்க்கும் தடை ஒன்று உண்டு. கடற்காகம் நெய்தல் பறவை என்று யார் சொன்னது?

நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் மிகுதியாக வரும் கடற்காகம் பழுப்புத் தலைக் கடற்காகம். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கடலோரத்தில் அல்ல. லடாக்கின் ட்சோ கர், ட்சோ மோரிரி போன்ற ஏரிகளிலும் திபெத்திய பீடபூமியின் ஏரிகளிலும். அந்த லடாக் ஏரிகள் இரண்டும் கடல்மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அதாவது அந்தப் பறவை முதன்முதலில் பார்த்த தண்ணீர் ஏரித் தண்ணீர். கடல் அதற்குக் குளிர்கால விடுதி. பழுப்புத் தலை இப்படியென்றால், கழுகுப் பருமனில் வந்து மற்றவற்றை மிரட்டும் பல்லாஸ் கடற்காகமும் மத்திய ஆசிய ஏரித் தீவுகளில் பிறந்ததுதான். 1773 இல் அதை விவரித்த பீட்டர் சைமன் பல்லாஸ் ருஷ்யப் பேரரசின் உள்நாட்டில் அலைந்தவர்.

ஆக, பிறப்பால் குறிஞ்சி, பிழைப்பால் நெய்தல், வழிதவறினால் மருதம். மூன்று திணையிலும் குடும்ப அட்டை வைத்திருக்கும் ஒரு பறவை நம் ஏரிக்கு வந்தால் அதைத் திணைமயக்கம் என்பதா, ஊர் திரும்பல் என்பதா?

இதற்கு விடை பறவையின் மூக்கில் இருக்கிறது. கடற்காகத்தின் கண்களுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உண்டு. கடல்நீரைக் குடித்தால் உடம்பில் சேரும் மிகையான உப்பை அவை பிரித்தெடுத்து மூக்குத் துளை வழியாகச் சொட்டவிடும். க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர் 1950களின் இறுதியில் இதைக் கடற்பறவைகளில் கண்டு சொன்னார். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். மூக்கு வேலை செய்யும்வரை திணை ஒரு பொருட்டில்லை. மயக்கம் முழுவதும் கரையில் நிற்பவர்களுக்கு. எனவே தலைப்பில் உள்ள 'திணைமயக்க' என்ற அடைமொழி பார்ப்பவரைக் குறித்ததே அன்றிப் பறவையைக் குறித்ததன்று என்க.

அரிது என்பதன் இலக்கணம்

ராமேசுவரத்துப் படகுத் துறையில் கடற்காகம் தலைக்கு மேல் பறந்தால் மீனவர் அண்ணாந்து பார்ப்பதில்லை; சட்டையைத்தான் பார்ப்பார். அதே பறவை உள்நாட்டு ஏரி ஒன்றில் இறங்கினால் பக்கத்து மாவட்டத்திலிருந்து கார் வருகிறது. இடையில் பறவையிடம் ஏற்பட்ட மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே அருமை என்பது பறவையின் பண்பு அன்று, கரையின் பண்பு.

இதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் ஏராளம். வட அமெரிக்காவில் கடை வாசல் கார் நிறுத்தங்களில் சிந்திய உருளைக்கிழங்கு வறுவலைப் பொறுக்கித் தின்னும் வளைய அலகுக் கடற்காகம், 1973 இல் வேல்ஸில் ஸ்வான்சீக்குப் பக்கத்துக் கடற்கரையில் இறங்கியது. பிரிட்டனில் அதுதான் முதல்முறை. ஒரே நாளில் வரலாறு ஆகிவிட்டது. பிரிட்டனின் பூங்காக் குளங்களில் ரொட்டிக்குச் சண்டைபோடும் கருந்தலைக் கடற்காகம் அமெரிக்காவில் தலைகாட்டினால் அங்கே பரபரப்பு. இரண்டு நாட்டவரும் அவரவர் ஊரில் விரட்டுவதை அடுத்தவர் ஊரில் தொழுகிறார்கள். வீட்டு மாப்பிள்ளைக்கும் இதே விதிதான் என்பார்கள்; அது இந்த நூலின் எல்லைக்கு வெளியே.

உண்மையிலேயே அரியவையும் உண்டு. ராஸ் கடற்காகம் வடதுருவத்தை ஒட்டி வாழ்வது. இனப்பெருக்கக் காலத்தில் நெஞ்சு இளஞ்சிவப்பாகும். 1975 குளிர்காலத்தில் அதில் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் என்ற சிற்றூருக்கு வந்துசேர்ந்தது. புறா அளவுள்ள அந்த ஒற்றைப் பறவையைப் பார்க்கப் பனியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நம் ஊரில் அத்தனை பேர் திரள வேண்டுமானால் பறவை கட்சி தொடங்கியிருக்க வேண்டும்.

காட்சி

இனி நூலின் நடுப்பகுதி. பறவை நோக்கலை ஐந்திணைக்குள் வைக்க முடியாது, அது கைக்கிளை. ஒருதலைக் காதலுக்கு இலக்கணம் வகுத்த நம்பியகப்பொருள் அதைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று நான்காகப் பிரிக்கிறது. கடற்காகம் பார்க்கப் போகிறவர்கள் இந்த நான்கையும் அதே வரிசையில், கூடுதலாகக் கொசுக்கடியோடு அனுபவிக்கிறார்கள்.

காட்சி வாட்ஸ்அப்பில் தொடங்குகிறது. மங்கலான ஒரு படம், நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று, கீழே "கல்?" என்று ஒரு கேள்வி. அது கரும்பலகைக் கல்லா, கிட்னிக் கல்லா என்று குடும்பத்தார் குழம்பலாம், கடற்காகத்தின் ஆங்கிலப் பெயர்தான் அது என்று உரியவர்களுக்குப் புரிந்துவிடும். ஆறு மணிக்குக் கரையில் பத்துப் பேர். அதில் ஒருவர் மட்டும் பறவையைப் பார்த்துவிட்டிருப்பார். மற்ற ஒன்பது பேருக்கு அதைக் காட்டித்தருவது அவர் பொறுப்பு.

காட்டித்தருதல் என்பது தனிக் கலை. ஏரியின் நடுவில் இருக்கும் ஒரு பொருளை வார்த்தையால் சுட்ட வழியில்லை. "அந்த டவர் தெரியுதா? அதுக்குக் கீழ கருவேல மரம். மரத்துக்கு இடப்பக்கம் மூணாவது கொக்கு." மூன்றாவது கொக்கை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் இரண்டாவது கொக்கு எழுந்து நான்காவது இடத்துக்குப் போய் நிற்கிறது. கணக்கு குலைந்தது. கடிகார முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள்: நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று மணி. "ரெண்டு மணில பாருங்க" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்தவர், "அப்ப சாப்பிட்டு வந்துரலாமா?" என்றார் என்பது இத்துறையின் வாய்மொழி மரபு.

பார்த்துவிட்டோம் என்று நினைப்பவர்களில் பலர் பார்ப்பது கடற்காகத்தை அன்று. குளிர்காலத்தில் நம் உள்நாட்டு ஏரிகளில் மீசை ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். தூரத்துக்கு அதுவும் வெள்ளை, அதற்கும் நீண்ட இறக்கை. ஆலாவுக்கு அடுத்தபடியாகக் கடற்காகம் என்று பெயர் வாங்குவது பாலித்தீன் பை. காற்று வாங்கி உப்பி, தண்ணீர்மேல் மெல்ல ஆடி, அவ்வப்போது தலையைத் திருப்பும் தன்மை வெள்ளைக் கேரிபேக்குக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எனவே சட்டத்தின் பார்வையில் ஏரியில் காணக்கிடைக்காத அரிய பொருள் பைதான். அதைப் பதிவு செய்வதற்குத்தான் தளம் இல்லை.

இப்படி ஏமாறுவது நமக்கு மட்டும் உரிய குறையன்று. விலங்கு நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் வெள்ளிக் கடற்காகக் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகள் உலகப் புகழ் பெற்றவை. தாயின் மஞ்சள் அலகில் உள்ள சிவப்புப் பொட்டைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். டின்பெர்கன் அட்டையில் வெட்டிய தலையைக் காட்டினார், குஞ்சு கொத்தியது. வெள்ளை வளையம் போட்ட மெல்லிய சிவப்புக் குச்சியைக் காட்டினார்; அச்சு அசலாகச் செய்த மாதிரித் தலையைவிட ஆவலாகக் கொத்தியது. 1973 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கடற்காகக் குஞ்சே குச்சியைத் தாய் என்று நம்பலாம் என்றால், நாம் கேரிபேக்கைக் கடற்காகம் என்று நம்பியதில் வியப்பில்லை. நமக்கு யாரும் பரிசு தரவில்லை என்பதோடு இதை விட்டுவிடுவோம்.

காட்சிப் பகுதியில் பார்ப்பவரைப் பார்ப்பவர்களையும் சேர்க்க வேண்டும். ஏரிக்கரையில் மூன்று காலில் ஒரு கருவி நின்றால், அது பறவையைப் பார்க்கும் தொலைநோக்கி என்று எவரும் நினைப்பதில்லை.

"என்ன சார், அளக்க வந்தீங்களா?"

"இல்லைங்க, பறவை பாக்குறோம்."

"பறவையா?" நீண்ட அமைதி. "எத்தனை அடி எடுக்குறாங்களாம்?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. முக்காலி வந்தால் அடுத்து நோட்டீஸ் வரும், நோட்டீஸ் வந்தால் ஜேசிபி வரும் என்பதைப் பல கரையோரக் குடும்பங்கள் பட்டறிந்திருக்கின்றன. பறவை என்ற பதில் அவர்களுக்கு அரசாங்கத்தின் புதுப் பொய்யாகத் தெரிகிறது. துணி துவைக்கும் அம்மா சந்தேகப்படமாட்டார், இரக்கப்படுவார். "வேலைக்கு எதுவும் போவலியா தம்பி?" என்று அவர் கேட்கும்போது, ஒன்றரை லட்சம் ரூபாய் லென்ஸைப் பிடித்திருப்பவருக்குப் பதில் வருவதில்லை. தூண்டில் போடுகிறவருக்கு ஒரே கேள்வி: "கறி நல்லாருக்குமா?"

எல்லோரையும் விட முக்கியமானவர் ஆடு மேய்ப்பவர். கோலை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு அவர் சொல்வார்:

"ஒத்தையா திரியுதே, அந்த வெள்ளையா?"

"ஆமாண்ணே. எப்ப பாத்தீங்க?"

"தீவாளி மழைக்கு முன்னாடியே வந்துருச்சு. ராவுல கலங்கல் பக்கம் தங்கும். காக்கா ரெண்டு நாள் தொரத்திப் பாத்துச்சு, அப்புறம் வுட்ருச்சு."

அத்துணை பெரிய ஆய்வுக் கூட்டமும் அப்போது மௌனமாகிறது. வந்த நாள், தங்குமிடம், பிற பறவைகளோடு உள்ள உறவு என்று ஓர் ஆய்வேட்டுக்கு வேண்டிய மூன்று இயல்களும் அந்த ஒரு மூச்சில் வந்துவிட்டன. ஆனாலும் பதிவேட்டில் அந்தப் பறவை கண்டுபிடிக்கப்பட்ட நாள் மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமைதான். முதலில் பார்த்தவர் என்பது முதலில் பதிவேற்றியவர் என்று பொருள்படும். அமெரிக்காவைக் கொலம்பஸ் கண்டுபிடித்ததற்கும் இதுவே இலக்கணம்.

ஐயம்

தலைவியை முதன்முதலில் பார்த்த தலைவன், இவள் தெய்வமோ மானிடப் பெண்ணோ என்று ஐயுறுவான். பிறகு கண் இமைக்கிறது, சூடிய பூவில் வண்டு மொய்க்கிறது என்ற அடையாளங்களால் தெளிவான். களவியல் காட்டும் வழி இது. கடற்காகத்திடம் இது செல்லாது. அதுவும் இமைக்கும், ஆனால் எந்தக் கடற்காகமும் இமைக்கும்.

முதல் சிக்கல் தலையில் தொடங்குகிறது. பழுப்புத் தலைக் கடற்காகம் நம் ஊரில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் அதன் தலை வெள்ளை. கருந்தலைக் கடற்காகத்தின் தலையும் வெள்ளை. இரண்டுக்கும் காதோரம் ஒரு கரும்பொட்டு. ஊர் திரும்பும் நேரம் நெருங்கினால்தான் தலைக்கு நிறம் ஏறும். ஏறியபின் பார்த்தால் கருந்தலையின் தலை கறுப்பு அன்று, அடர்ந்த பழுப்பு. பழுப்புத் தலையின் தலை அதைவிட வெளிறிய பழுப்பு. பெயர் வைத்தவர்கள் எந்தப் பருவத்தில் எந்த வெளிச்சத்தில் வைத்தார்கள் என்பது வரலாற்றுத் துறையினரின் வேலை.

சரி, கண்ணைப் பார்க்கலாம் என்பார் ஒருவர். வளர்ந்த பழுப்புத் தலைக்கு விழிவளையம் வெளுப்பு; கருந்தலைக்குக் கறுப்பு. தெளிவான அடையாளந்தான். பறவை 400 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் அதை எட்டு மடங்கு பெரிதாக்கி, 50 மீட்டரில் இருப்பதுபோலக் காட்டும். தெருக்கோடியில் நிற்கும் கோழியின் கண் என்ன நிறம் என்று வாசலில் உட்கார்ந்து சொல்லக்கூடியவர்களுக்கு இது பயன்படும். போதாக்குறைக்கு, இளம் பழுப்புத் தலையின் கண்ணும் கறுப்பாகவே இருக்கும் என்று கைநூலை விரித்துவைத்திருப்பவர் அடுத்த வரியை வாசிப்பார். எங்கும் இப்படி ஒருவர் இருப்பார். பறவையைப் பார்க்காமல் நூலை மட்டும் பார்ப்பவர் அவர்; பெரும்பாலும் சரியாகச் சொல்பவரும் அவரே.

மூன்றாவது அடையாளம் இறக்கை. இதில் ஐயத்துக்கே இடமில்லை. பழுப்புத் தலையின் இறக்கை நுனி கறுப்பு. அதற்குள் கண்ணாடி பதித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். கருந்தலைக்கோ இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெள்ளைப் பட்டை. விரித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். விரிக்க வேண்டுமானால் பறக்க வேண்டும். பறந்தால் போய்விடும். பறந்தால்தான் தெரியும், பறந்துவிட்டால் தெரியாது. அத்வைதத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் விவாதிக்கப்பட்ட தத்துவச் சிக்கல் இது. விவாதித்தவர்கள் கரையில் நின்றதால் ஏட்டில் ஏறவில்லை.

மெல்லிய அலகுக் கடற்காகமாக இருக்கலாமோ என்று யாராவது மெதுவாகச் சொன்னால் கூட்டத்துக்குள் மின்சாரம் பாயும். கழுத்து நீண்டதாக, நெற்றி சரிந்ததாக, அலகு கொஞ்சம் நீளமாகத் தோன்ற வேண்டும். தோன்ற வேண்டும் என்று நினைத்தவுடன் தோன்றிவிடுகிறது. பறவை கழுத்தை நீட்டினால் மெல்லிய அலகு. சுருக்கிக்கொண்டால் பழுப்புத் தலை. காலை ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில் அது பலமுறை இனம் மாறுவதைக் காணலாம்.

பெரிய கடற்காகங்கள் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சிறியவை இரண்டாண்டுகளில் முழு உடை உடுத்திவிடும். பெரியவற்றுக்கு நான்காண்டு ஆகும். அதுவரை ஆண்டுக்கு ஒரு கோலம். முதல் குளிர்காலத்துப் பறவை தன் தாயைப்போல இருக்காது. அடுத்த குளிர்காலத்தில் தன்னைப்போலவே இருக்காது. காலின் நிறம் மஞ்சளா இளஞ்சிவப்பா, முதுகின் சாம்பல் எத்தனையாவது சாம்பல் என்றெல்லாம் பேச்சு போகும். கால் தண்ணீருக்குள் இருக்கும்.

துணிவு

துணிவு சுருக்கமானது. பத்து மணிக்கு வெயில் ஏறித் தண்ணீர்மேல் கானல் நெளியத் தொடங்கும். அதற்குமேல் எந்தப் பறவைக்கும் விளிம்பு இருக்காது. பசியும் எடுக்கும். கூட்டத்தில் மூத்தவர் பழுப்புத் தலை என்று தீர்ப்புச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள், லென்ஸ்காரர் மட்டும் வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக உரிமை வைத்துக்கொள்வார்.

இப்படி விரைந்து துணிவதை எவரும் இழிவாகக் கருத வேண்டாம். வெள்ளிக் கடற்காகமும் அதன் உறவினங்களும் வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவியிருக்கின்றன, அடுத்தடுத்தவை கலக்கும், வளையத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும் கலக்கா என்பது உயிரியல் பாடங்களில் இடம்பெற்ற அழகான எடுத்துக்காட்டு. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942 இல் தம் நூலில் எழுதியபின் அது நிலைபெற்றுவிட்டது. 2004 இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இங்கே அப்படியொரு வளையமே இல்லை என்று முடிவு சொன்னார்கள். அறுபத்திரண்டு ஆண்டு. நம் ஏரிக்கரை அறிஞர்கள் நாலு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். பிறகு பஜ்ஜியும் சாப்பிடுகிறார்கள்.

குறிப்பறிவு

தலைவியின் கண்ணைப் பார்த்து அவளுக்கும் விருப்பம் உண்டா என்று அறிவது குறிப்பறிவு. கடற்காகத்தின் கண் வெளுப்பா கறுப்பா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்கு நம்மேல் விருப்பம் இல்லை என்பதை மட்டும் ஐயமில்லாமல் சொல்லலாம்.

நம் பார்வை அதற்கு உதவுவதும் இல்லை. 2017 சனவரியில் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே பக்கம் ஒரு ராஸ் கடற்காகம் வந்தது. செய்தி கேட்டு ஆட்கள் குவிந்தார்கள். சில நாட்களில் பொரி வல்லூறுகள் அதை அடித்துத் தின்றுவிட்டன. இலக்கியத்திலும் ஏரிக் கடற்காகத்துக்கு ராசி சரியில்லை. ருஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகத்தில் ஏரிக்கரையில் ஓர் இளைஞன் காரணமில்லாமல் ஒரு கடற்காகத்தைச் சுட்டுக்கொண்டு வந்து காதலியின் காலடியில் போடுகிறான். கடைசி அங்கத்தில் அது பஞ்சடைத்த பொம்மையாக வருகிறது. 1896 இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் மேடையேற்றம் படுதோல்வி. இரண்டாண்டு கழித்து மாஸ்கோவில் வெற்றி பெற்றதால் பறவைக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றைச் சேர்த்துக்கொள்ள இடம் தருவது புறனடை. காலையில் போவதானால் ஏரியின் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், பறவைமேல் வெளிச்சம் விழும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாக் கடற்காகமும் கருந்தலைதான். ஒன்பது மணிக்குள் பார்த்து முடியுங்கள். கிட்டே வரட்டும் என்று மிக்சரை அள்ளி வீசாதீர்கள்; அதற்கு மீன் இருக்கிறது. முக்காலியை வைக்குமுன் பக்கத்து வீட்டாரிடம் நீங்கள் எந்தத் துறையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கிறது. பொங்கலை ஒட்டி நம் ஊரில் தனியாக ஒரு கணக்கெடுப்பும் உண்டு. அந்த நாட்களில் உங்கள் ஏரிக்குப் போய் இ-பேர்டில் பட்டியல் போடும்போது, எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள் என்று ஒரு கட்டம் கேட்கும். ஆடு மேய்ப்பவர் உங்களோடு நின்று பார்த்திருந்தால் அவரையும் அந்த எண்ணிக்கையில் சேருங்கள். தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது என்று அவர் சொன்னதைக் குறிப்பில் எழுதுங்கள். அதற்கும் கீழே இடம் விட்டிருக்கிறார்கள்.